ஒன்பது நாள் கழலாத நட்டு

நம்முடன் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தவர்களுள் எஞ்சியிருப்போரை இப்போது ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு நினைவுக் கூட்டத்தில், மலைநாட்டின் பழைய நாள்களைப் பற்றிப் பேச வந்த ஒருவர், ‘கார் கிளாக்கர்’ என்ற பெயரில் ஒரு கதை சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். தன் காரின் பெருமையைக் காட்டப் போய், ஒரு குடும்பத்தின் பிரஜாவுரிமையைக் கெடுத்த தோட்டத்துக் கிளாக்கரின் கதை. அவர் ஆளின் பெயரைச் சொல்லவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்த எனக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. அந்தக் கிளாக்கர் என் தந்தை.

நான் எழுந்து மறுக்கவில்லை. மறுப்பதற்கு வேண்டிய செய்தி என்னிடம் இருந்தும் மறுக்கவில்லை. அச்செய்தி என் தந்தைக்கு ஓரளவு நன்மை செய்யும், எனக்குச் செய்யாது. வீடு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு காதில் நின்றது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நீங்கள் வாசித்தால் போதும்.

கொட்டகலைக்கும் திம்புள்ளைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில் என் தந்தை பெரிய கிளாக்கராக இருந்தார். அவருடைய தந்தை திருச்சிப் பக்கத்திலிருந்து ஆள் கட்டி வந்த கங்காணி. கங்காணியின் மகன் கல்லூரியில் படித்து, கோட்டு அணிந்து, துரைக்கு அடுத்த மேசையில் அமர்ந்தார் என்பது எங்கள் குடும்பத்தின் பெருமை. அந்தப் பெருமைக்கு நான்கு சக்கரங்களும் இருந்தன. தாயகம் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சின்னத் துரையிடமிருந்து வாங்கிய கறுப்புக் கார் அது. உள்ளே ஏறினால் பழைய தோல் இருக்கையின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் கலந்து வரும். கதவைச் சாத்தும்போது எழும் கனத்த ஒலியை நான் பள்ளி விடுதியில் படுத்தபடி நினைத்துப் பார்ப்பதுண்டு. எங்கள் வகுப்பில் சொந்தக் காருள்ள தமிழ்ப் பிள்ளைகள் இருவர். மற்றவள் நுவரெலியாவில் இருந்தாள். அவளுக்குச் சமமாக நிற்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் எதுவும் இல்லை.

எனக்குப் பதினொரு வயது. ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்த என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தை கொட்டகலை ஸ்டேஷனிலிருந்து ஏற்றி வந்தார். மழை நாள்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே உள்ள வளைவில், மதகின் விளிம்பில் கார் ஒரு முறை விழுந்து எழுந்தது. பின்பக்கத்தில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. அதன்பின் வலப்பக்கம் தாழ்ந்து, நொண்டும் மாடுபோல வீடு வந்து சேர்ந்தோம்.

ஓசை கேட்டுத் தொழிற்சாலையிலிருந்து முதலில் ஓடி வந்தவர் பிட்டர். கொழுந்து அரைக்கும் இயந்திரங்களையும் எஞ்சினையும் பழுது பார்க்கும் அவரைத் தோட்டம் முழுவதும் அப்படித்தான் அழைத்தது. மழைச் சேற்றில் மல்லாந்து படுத்துக் காரின் அடியில் நுழைந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“வில்லுப் பட்டை போயிருச்சுங்கய்யா. பெரிய பட்டையே முறிஞ்சு தொங்குது.”

“வியாழக்கெழமைக்குள்ள மாத்திரலாமா?”

“இந்த வியாழனுங்களா?”

“அடுத்த வியாழன்ப்பா. ஒன் வெசாரணைக்குப் போகவேண்டாமா?”

“அதுக்குள்ள ரெண்டு தடவ மாத்தலாம்ங்கய்யா” என்று பதில் வந்தது.

அந்த விசாரணை எது என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீடுகள் எல்லாம் அந்நாளில் அதையே பேசின. இந்த மண்ணில் பிறந்தவர்கள் தாம் இந்த மண்ணுக்குரியவர்கள் என்று விண்ணப்பித்து, அதிகாரி முன் தோன்றி நிரூபிக்க வேண்டியிருந்த காலம். என் தந்தை முந்திக்கொண்டு விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற்றுவிட்டார். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியும் இருந்தார். பிட்டரின் வழக்கில் ஒரு முடிச்சு இருந்தது. அவருடைய மனைவி தலைப்பிரசவத்துக்குத் திருச்சிப் பக்கத்துத் தாய்வீடு சென்று, பத்து மாதம் கழித்துத் திரும்பியவர். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் உரிமை அறுந்துவிடும். திரும்பி வந்த தேதிக்குத் தோட்டத்துப் பதிவேடு ஒன்றே சாட்சி. அதைப் பார்த்துத் தந்தை ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டெழுதி, துரையிடம் கையெழுத்து வாங்கி, நீண்ட உறையில் இட்டு வைத்திருந்தார்.

கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் கொட்டகலை ஸ்டேஷனில் விடியற்காலைக் கோச்சி ஏறி நானுஓயா சென்று, அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியாவை அடைந்திருப்பார்கள். தோட்டத்திலிருந்து விசாரணைக்குப் போன எல்லோரும் அப்படித்தான் போனார்கள். என் தந்தை அதை விரும்பவில்லை.

“அதிகாரி கந்தோர் வாசல்ல ஈரத் துணியோட பஸ்ஸவிட்டு எறங்கி நின்னா எவன்ப்பா மதிப்பான்? நான் கூட வர்றேன். கார்ல வந்து எறங்குவோம். நாலு வார்த்தை இங்கிலீசுல பேசுனா அந்தாளு எழுந்து நிப்பான்” என்றார்.

“ஐயா சொன்னா சரிங்க” என்றார் பிட்டர்.

என் தந்தை இதைப் பகட்டுக்காகச் சொல்லவில்லை. அவர் வாழ்ந்த உலகில் கதவுகள் அப்படித்தான் திறந்தன. அதை அவர் தம் உடம்பில் பட்டு அறிந்திருந்தார். அன்று மாலையே எனக்கும் ஒரு வாக்களித்தார். முன் இருக்கையில் என்னை அமர்த்தி நுவரெலியாவுக்கு அழைத்துச் செல்வார். திரும்பும் வழியில் காருள்ள அந்த வகுப்புத் தோழியின் வீட்டு வாசலில் கார் நிற்கும். நான் அன்றே அவளுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். “எங்கள் காரில் வருவோம்” என்ற வரியின் கீழ்க் கோடும் இட்டேன்.

செவ்வாயன்று ஹட்டனில் உள்ள இரும்புக்கடை நானாவிடமிருந்து புதிய வில்லுப் பட்டை பஸ்ஸின் கூரையில் ஏறி வந்தது. தோட்டத்துப் பட்டறையில் வேலையை வைத்துக்கொள்ளத் தந்தை இணங்கவில்லை. எங்கள் குவார்ட்டர்ஸின் பக்கவாட்டில் இருந்த தகரக் கொட்டகையிலேயே காரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜாக்கின் அடியில் பழைய ரயில் சிலிப்பர்க் கட்டை. வேலை முடிந்து பிட்டர் மாலை நான்கரைக்கு வருவார். வெளிச்சம் மங்கும் வரை அடியில் கிடப்பார்.

அந்தப் பட்டை காரோடு எவ்வாறு பிணைந்திருக்கும் என்பதை அந்த நாள்களில் நான் மனப்பாடமாக அறிந்தேன். நடுவில் அச்சோடு சேர்த்துக் கட்டும் நான்கு நட்டுகள், பின்முனையில் இரண்டு, முன்முனையில், பட்டையின் சுருண்ட கண்ணுக்குள் நுழைந்து நிற்கும் ஒரே ஒரு கனத்த போல்ட், அதன் நுனியில் ஒரு நட்டு. முதல் மாலையே ஆறு நட்டுகள் கழன்றன. ஏழாவது அசையவில்லை.

அந்த நட்டு இன்றும் என் கண்முன் நிற்கிறது. செம்மண்ணும் துருவும் எண்ணெய் அழுக்கும் சேர்ந்து அதை இரும்பென்று சொல்ல முடியாதவாறு ஆக்கியிருந்தன. பிட்டர் கம்பித் தூரிகையால் தேய்த்தார். கோழியிறகை மண்ணெண்ணெயில் தோய்த்துச் சொட்டுச் சொட்டாக இடுக்கில் விட்டு, “ஊறட்டும், நாளைக்குப் பாப்போம்” என்றார். மறுநாள் ஸ்பனரைப் பொருத்தி, முதலில் இறுக்கும் பக்கமாகச் சிறிது திருப்பினார்.

“என்னப்பா இறுக்குறே?” என்று தந்தை அதட்டினார்.

“கொஞ்சம் இறுக்குனாத்தாங்க துரு வெடிக்கும். அப்பறம் எளகும்.”

இளகவில்லை. ஸ்பனரின் பிடியில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி, இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். ஸ்பனர் வழுக்கியது, நட்டின் மூலைகள் இரண்டு மழுங்கின. பிட்டரின் புறங்கை தோல் உரிந்து இரத்தம் வந்தது. அவர் அதைக் கம்பளியில் துடைத்துக்கொண்டு, “இது மாமியா வீட்டுக்கு விருந்துக்கு வந்த மருமவன் மாதிரிங்கய்யா. வெரட்டுனாலும் கெளம்ப மாட்டேங்குது” என்றார்.

தந்தையும் சிரித்தார். அவர் தோட்டத்து மனிதர் ஒருவருடன் சேர்ந்து சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

வெள்ளிக்கிழமை பிட்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஸ்டோருல ப்ளோ லாம்பு இருக்குங்க. பத்து நிமிசம் சூடு காட்டுனா நெகிழ்ந்து குடுத்துரும்.”

“அது தோட்டத்துச் சாமான். என் வீட்டு வேலைக்கு வரக்கூடாது. சாமான் லிஸ்டுல நானே கையெழுத்துப் போடுறவன்.”

“அப்ப வெட்டிருவோங்களா? உளிய வச்சு நட்டைப் பொளந்துட்டா அரை மணி நேர வேல.”

“வெட்டுனா போல்ட்டும் போயிரும். இந்த மாதிரி போல்ட்டு இந்தப் பக்கத்துல கெடைக்காது, கொழும்புக்கு எழுதணும். முழுசா எடு.”

“சரிங்கய்யா.”

நேர்மைக்கு என் தந்தையைப்போல ஒருவரைத் தோட்டங்களில் காண்பது அரிது. துரையின் பென்சிலைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. இதை நான் பெருமையாகவே பல மேடைகளில் கூறியிருக்கிறேன். இப்போது எழுதும்போதுதான் ஒன்று தோன்றுகிறது. தோட்டத்து விளக்கைத் தொட மறுத்தவர், தோட்டத்து மனிதரின் மாலைப் பொழுதுகளைக் கேளாமலே எடுத்துக்கொண்டார். பிட்டருக்கு அந்த நாள்களில் நாங்கள் கொடுத்தது தேத்தண்ணீரும் ரொட்டியும்தான். அவரும் வேறெதையும் எதிர்பார்த்ததாக நினைவில்லை. தம் குடும்பத்தை ஏற்றிச் செல்லவிருக்கும் காருக்கன்றோ அவர் உழைத்தார்.

நாள்கள் குறைந்துகொண்டு வந்தன. திங்களன்று தேங்காயெண்ணெய் முயன்றார்கள். செவ்வாயன்று அடுப்புக் கரியைத் தகரத்தில் இட்டு ஊதிச் சூடு காட்டினார்கள். தந்தை ஒரு வாளி நீருடன் பெட்ரோல் தாங்கியின் அருகே காவல் நின்றார். நட்டு அப்படியே இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர், “ஒரு நட்டுக்கு இவ்வளவு ரோசமா” என்றார்.

“ஒங்க கார் நட்டுதானங்க. ஒங்க ரோசத்துல பாதியாச்சும் இருக்காதா?” என்று அம்மா குழம்பை ஊற்றியபடியே சொன்னார். தந்தை எழுந்து கை கழுவினார்.

புதன்கிழமை வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விசாரணை.

நண்பகல் கடந்த நேரம். தந்தை தோட்ட அலுவலகமான கந்தோரில் இருந்தார். அம்மா தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கர் வீட்டுக்குப் போயிருந்தார். நான் மறுநாளுக்காக என் வெள்ளைக் கவுனைக் கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்கதவின் அருகே யாரோ செருமினார்கள். பிட்டரின் மனைவி. மலையிலிருந்து நேரே வந்திருந்தார். முதுகில் பாதி நிறைந்த கொழுந்துக் கூடை, இடுப்பில் சாக்குப் படங்கு, மூக்கு நுனியில் மழைத்துளி. படியேறாமல் கீழேயே நின்றார்.

“அம்மா இல்லீங்களா பாப்பா?”

“இல்ல.”

அவர் ஒருமுறை தகரக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சக்கரம் இல்லாமல் கட்டையின் மேல் கார் நின்றது.

“எனக்குக் கொழுந்து நிறுவைக்குப் போகணும், நிக்க நேரமில்ல. ஐயா வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிருங்க பாப்பா. கார் சரியாவலன்னா ஒண்ணும் பாதகமில்ல. தொரை கையெழுத்துப் போட்ட அந்தக் கடுதாசிய மட்டும் எங்க வீட்டுக்காரருக்கிட்ட குடுத்துட்டா, நாங்க விடிய கோச்சியில போயிருவோம். அவரு வாயத் தொறந்து கேக்க மாட்டாரு. கேட்டா, ஐயா சொன்ன சொல்ல நம்பலன்னு ஆயிருமாம். நான் ஐயா முன்னால நின்னு பேசுற ஆளு இல்ல. நீங்க சொன்னா ஐயா கேப்பாங்க.”

“சொல்றேன்” என்றேன்.

“மறந்துறாதீங்க பாப்பா. புள்ளைங்க பேரு எல்லாம் அதுலதான் இருக்கு.”

கூடையைத் தூக்கி நிமிர்த்திக்கொண்டு அவர் சரிவில் இறங்கினார். நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே இராது. தேய்ப்புப்பெட்டியைக் கவுனின் மேல் நகர்த்தியபடி நான் கணக்கிட்டது இதுதான்: அவர்கள் கோச்சியில் போய்விட்டால் தந்தைக்கு நுவரெலியா போகும் காரணம் இல்லை; தந்தை போகாவிட்டால் கார் போகாது; கார் போகாவிட்டால் தோழி தன் வீட்டு வாசலில் காத்திருந்துவிட்டு, கோடிட்ட அந்த வரியை எல்லோருக்கும் காட்டுவாள்.

மாலையில் தந்தை வந்தார். அவர் கையில் அந்த நீண்ட உறை இருந்தது. நாற்காலியில் அமர்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் கொட்டகையையே பார்த்திருந்தார். பிட்டர் அடியில் படுத்திருந்தார். சுத்தியல் ஓசை சீராகக் கேட்டது. நான் தேத்தண்ணீர் கொண்டு போனேன்.

“பிட்டர் வீட்டுலருந்து யாராச்சும் வந்தாங்களா, பாப்பா?” என்று கேட்டார்.

“இல்லப்பா.”

“ஒண்ணும் சொல்லி அனுப்பலையா?”

“இல்ல.”

அவர் தலையசைத்தார். சிறிது நேரம் உறையின் விளிம்பை நகத்தால் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அதைக் கோட்டின் உட்பையில் வைத்தார். தாமாகவே கொடுப்பது சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவதாகும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம் என்றும் எண்ணியிருக்க வேண்டும். கேட்டு வந்தார்கள். நான் நடுவில் நின்றேன்.

வியாழனன்று ஆள்களை வேலைக்கு அழைக்கும் பெரட்டுக் கொம்பு ஊதுவதற்கு முன்பே பிட்டர் வந்துவிட்டார். வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்து, அவற்றின் மேல் பழைய சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். பின்னால் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பிள்ளைகளின் தலையில் எண்ணெய் வழிந்தது. தந்தை வெளியே வந்தார். அவர் முகம் வழிக்கப்படாமல் இருந்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

“வெட்டிருப்பா” என்றார்.

பிட்டர் உளியை எடுத்தார். முன்னரே தீட்டிக் கொண்டு வந்திருந்தார். முப்பத்தைந்து நிமிடம். நட்டு இரண்டாகப் பிளந்து மண்ணில் விழுந்தது. போல்ட்டை அடித்து வெளியேற்றியதும், தந்தை, “இப்ப எதைப் போட்டு மாட்டுவே?” என்று கேட்டார். பிட்டர் இடுப்பு மடிப்பிலிருந்து காகிதத்தில் சுற்றிய புதிய போல்ட்டையும் நட்டையும் எடுத்தார்.

“ஞாயித்துக்கெழம ஹட்டனுக்கு நடந்து போயி நானா கடையில வாங்கி வச்சேங்க. லாரிக்குப் போடுறதுதான், அளவு சரியா இருக்கும்.”

“ஞாயித்துக்கெழமயேவா? ஏன்ப்பா சொல்லல?”

“கெடைக்காதுன்னு ஐயா சொல்லிட்டீங்க. அதான்.”

என் தந்தை உள்ளே போய் முகம் வழித்து, கோட்டு அணிந்து வந்தார்.

புதிய பட்டையைத் தூக்கிப் பொருத்தி, ஏழு நட்டுகளையும் முறுக்கிச் சக்கரத்தை மாட்டியபோது மணி எட்டேகால். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா. தந்தை தம் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. முன் இருக்கையில் நான். பின்னால் நால்வரும் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு, இருக்கைத் தோலில் முழங்கை படாமல் அமர்ந்திருந்தார்கள். ஏறும்போது பிட்டரின் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கந்தோர் வாசலில் கார் நின்றபோது மணி ஒன்பதே முக்கால். தாழ்வாரம் முழுவதும் நம் மக்கள். ஈரக் கம்பளிகள், பித்தளைச் சாப்பாட்டுத் தூக்குகள், மார்போடு அணைத்த காகிதச் சுருள்கள். கோட்டணிந்த என் தந்தைக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். பியோன் எழுந்து நின்றார். அந்த அளவில் அவர் கணிப்பு பிழையன்று.

“பேரு கூப்பிட்டாச்சு ஐயா. மூணு தடவ கூப்பிட்டாச்சு” என்றார் பியோன்.

அதிகாரி இளைஞர், மரியாதை தெரிந்தவர். என் தந்தையை அமரச் சொன்னார். தந்தை அமரவில்லை. நின்றபடியே, பிழையற்ற ஆங்கிலத்தில், காரின் வில்லுப் பட்டை முறிந்ததையும் நட்டொன்று இறுகியதையும் எடுத்துரைத்தார். உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரி அதைப் பிரிக்காமலே கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், திறந்திருந்த கதவின் வழியே எனக்கு விளங்கியது.

“இந்தத் தாழ்வாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் கோச்சியிலும் பஸ்ஸிலும்தானே வந்திருக்கிறார்கள்?”

பெயர் அழைத்தபோது தோன்றாதோர் பட்டியலில் பிட்டரின் பெயர் எழுதப்பட்டுவிட்டது. மேன்முறையீடு எழுதலாம் என்றார் அதிகாரி. தந்தை உறையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் தோழியின் வீட்டு வாயில் வந்தது. “அப்பா, நிக்கலையா?” என்று நான் கேட்டேன். ஆம், கேட்டேன். நடந்தபடி எழுதுகிறேன் என்று சொன்ன பிறகு இதை மறைத்தல் தகாது. அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

லிந்துலையைக் கடந்தபோது பின்னாலிருந்து பிட்டரின் குரல்.

“சத்தமே இல்லீங்கய்யா. பட்டை நல்லா உக்காந்திருச்சு.”

அவர் என் தந்தைக்கு ஆறுதல் சொன்னார் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

தந்தை மூன்று மேன்முறையீடுகள் எழுதினார். அவற்றின் படிகளை அவர் மறைந்த பிறகு நான் வாசித்தேன். அத்தகைய ஆங்கிலத்தை இப்போது எவரும் எழுதுவதில்லை. மூன்றுக்கும் ஒரே விடை. அடுத்த ஆண்டு காரை விற்றார். தொழிலாளர் லயங்களில் எழுந்த பேச்சு அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. ‘கோச்சியில போயிருந்தா பேரு ஏறியிருக்கும். கார்ல ஏத்திக் குடியக் கெடுத்துட்டாரு கிளாக்கரு.’ அதை அவர் மறுத்ததே இல்லை.

மறுத்தவர் ஒருவர்தான். தண்ணீர்ப் பீலியடியிலும் கோயில் வாசலிலும் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் பிட்டர் எழுந்து, “ஐயாவுக்கு யாரும் எடுத்துச் சொல்லல. சொல்லியிருந்தா அந்த நிமிசமே கடுதாசிய எடுத்துக் குடுத்திருப்பாரு. அவரு மனசு எனக்குத் தெரியும்” என்பாராம். இதை என் அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்ட ஒவ்வொரு முறையும் வேறு வேலையைப் பார்க்க எழுந்து போயிருக்கிறேன். ஒருமுறை, தந்தை நோயுற்றுப் படுத்திருந்த நாளில், சொல்லிவிடுவோம் என்று கட்டிலருகே அமர்ந்தேன். அவர் என் ஆசிரியப் பணியைப் பற்றி விசாரித்தார். விடையளித்துக்கொண்டே இருந்துவிட்டேன். அந்த ஆண்டே காலமானார்.

அதற்கு அடுத்த ஆண்டு. இலங்கை, இந்தியத் தலைவர்கள் இருவரும் கையெழுத்திட்டு, பெயர் ஏறாதவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டுக்கொண்டிருந்த காலம். முதலில் இந்தியாவுக்குப் புறப்பட்ட சில குடும்பங்களுள் பிட்டரின் குடும்பமும் ஒன்று. அவர் எங்கள் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கப்பலேறும் தலைமன்னாருக்கு அப்பால் எதையும் கண்டறியாதவர். நான் கல்லூரியிலிருந்து விடுப்பெடுத்துக் கொட்டகலை ஸ்டேஷனுக்குப் போனேன். வழியனுப்ப என் குடும்பத்தில் ஒருவராவது நிற்க வேண்டும் என்பதே என் எண்ணமாக இருந்தது.

தகரப் பெட்டிகள், கயிற்றால் கட்டிய மெத்தைகள், அம்மிக்கல்லைக்கூட விட்டுவர மனமில்லாமல் தூக்கி வந்தவர்கள். பிட்டருக்குத் தலை நரைத்திருந்தது. சன்னலோரம் அமர்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டார். “ஐயா இருந்திருந்தா அவருதான் வந்திருப்பாரு. அவரு மக வந்திருக்கீங்க” என்றார். அவர் மனைவி இறங்கி என்னிடம் வந்தார். என் கையைப் பற்றிக்கொண்டு, கணவருக்கும் கேட்கும்படியே கேட்டார்.

“பாப்பா, இத்தன வருசமா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் சொன்னத ஐயாகிட்ட சொன்னீங்களா?”

சுற்றிலும் நம் ஆட்கள் நின்றார்கள். என் பழைய மாணவிகளின் பெற்றோர் இருவர் இருந்தார்கள்; ஸ்டேஷன் மாஸ்டர் என்னை அறிந்தவர். எனக்கு இருபத்துமூன்று வயது, கல்லூரி ஆசிரியை.

“சொன்னேன்” என்றேன்.

அவர் மெல்லத் தலையசைத்தார். கோபப்படவில்லை. சன்னல் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா? பாப்பா சொல்லியிருக்கு. நீங்கதான் ஐயாவுக்குத் தெரியாது, தெரியாதுன்னு எல்லாருக்கிட்டயும் சண்ட புடிச்சீங்க” என்றார்.

என்னைக் கண்டு எழுந்து நின்ற பிட்டர் அப்படியே மெல்ல அமர்ந்தார். கைகளை மடியில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கோச்சி புறப்பட்டபோது பிள்ளைகள் கையசைத்தார்கள்; அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வளைவில் மறையும் வரை பிட்டரின் தலை நிமிரவே இல்லை.